நடந்து வந்த செடிகள்

டிங்... டிங்.

அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்த வெரோலின் கையை நிறுத்தினாள். தம்பி தாபி ஓடி வந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அதுங்க மறுபடியும் பேசுது."

"காத்துடா" என்றாள் வெரோலின்.

சொன்னாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. கொடியில் காயப்போட்ட துணி அசையவே இல்லை. தூரத்தில் மலை மட்டும் தூக்கத்தில் முனகுகிற ஆள் மாதிரி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது செடி வரிசையிலிருந்து. சாயங்கால மங்கலில் அந்தச் செடிகள் ஒன்றன் பின் ஒன்றாக, சாம்பல் போர்த்திய ஆட்களைப்போல நின்றன. எல்லாம் அவர்கள் வீட்டையே பார்த்து நிற்பதாகத் தோன்றியது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அந்த வாரம் ஊரில் அரளாதவர் யாரும் இல்லை.

மலை சாம்பல் கக்கியபோது ஊரே கப்பலேறி அடுத்த தீவுக்குப் போய்விட்டது. ஒரு வருஷத்துக்கும் மேலாக இங்கே ஒரு ஆள் இல்லை, ஒரு அடுப்பு எரியவில்லை. மலை கொஞ்சம் அடங்கிய பிறகு, கூரை வேய்வதற்காகச் சிலர் மட்டும் முதலில் திரும்பி வந்தார்கள். அப்பா செல்வின், வெரோலினையும் தாபியையும் கூட்டி வந்தார். அடுத்த வீட்டுத் தாரி மாமா, தன் மகள் எடினாவோடு வந்தார். அம்மா அங்கேயே இருந்தாள். அவள் மடியில் பிறந்து சில வாரமே ஆன பாப்பா. கூரை தயாரானதும் வெள்ளிக்கிழமைக் கப்பலில் அம்மாவும் பாப்பாவும் வருவதாகப் பேச்சு.

வெரோலின் அந்தக் கப்பலுக்காகத்தான் காத்திருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் சோறு வேகும், தூக்கம் மட்டும் வராது.

ஊரும் ஊராக இல்லை. யாரோ பெரிய அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளி, ஓர் இடம் விடாமல் தூவிவிட்டுப் போனதுபோல் இருந்தது. கூரை சாம்பல். தென்னை ஓலை சாம்பல். தேவாலயத்து மணியும் சாம்பல். பறவைகள் இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் காலையில் கண் விழித்தால் விடிந்துவிட்டதா இல்லையா என்றே தெரியாது.

அம்மாவின் தோட்டம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் மேடுதான் இருந்தது. அதைப் பார்த்தபோது வெரோலினுக்கு அழுகை வந்துவிட்டது. தேவாலயத்து அலங்காரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட அம்மாவிடம் வந்துதான் வண்ண இலை கேட்பார்கள். அம்மா தன் செடிகளுக்கு, அவற்றைக் கொடுத்தவர்களின் பெயரையே வைத்திருந்தாள். மஞ்சள் பொட்டு வைத்த குரோட்டன்ஸ், 'டீச்சர்.' இலை சுருண்டு சுருண்டு தொங்குவது, 'சுருட்டை முடி லிசி.' செம்பு நிற இலைச்செடி, 'பாதிரியார்.' வெரோலின் எழுத்துப் படிக்கும் முன்பே அந்த இலைகளைப் படித்துவிட்டாள்.

எல்லாம் போய்விட்டது. வாசலுக்கு எதிரே நின்ற அந்த வரிசை மட்டும் தழைத்து நின்றது. பிரச்சினையே அதுதான்.

எங்கள் பக்கத்தில் நிலத்துக்கு வேலி போடுகிற வழக்கம் இல்லை. நாங்காரியாவை வரிசையாக நட்டுவிடுவோம். கத்தி மாதிரி நீண்ட இலையும் தலையில் கொண்டையுமாக நிற்கும் செடி அது. அது நிற்கிற இடம்தான் எல்லை. அதைப் பிடுங்குகிறவனுக்கு வயிறு வீங்கும் என்பார்கள். வீங்கிய வயிற்றை நான் பார்த்ததில்லை. பிடுங்கியவனையும் பார்த்ததில்லை. அவ்வளவு பயம்.

வெரோலின் வீட்டுக்கும் தாரி மாமா வீட்டுக்கும் நடுவே, மேட்டிலிருந்து சாலை வரை அப்படி ஒரு வரிசை இருந்தது. அது ஈரப்பலா மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதனால் மரம் வெரோலின் வீட்டுடையது. இப்போது திரும்பி வந்து பார்த்தால், மரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் சேறு. ஓடை உடைத்துக்கொண்டு வந்து கொட்டிய சேறு காய்ந்து பாறையாகக் கிடந்தது. நாங்காரியா வரிசையோ மரத்துக்கு இந்தப் பக்கம், வெரோலின் வீட்டுச் சமையல்கட்டுக்கு நேராக நின்றது.

"செடி நடந்து வந்துடுச்சு" என்றான் தாபி.

அப்பா முதலில் சிரித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

சாதாரண நாளாக இருந்திருந்தால் இரண்டு அப்பாக்களும் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். ஆனால் சாம்பலுக்குத் தப்பிக் காய்த்து நின்றது அந்த ஒரு ஈரப்பலா மரம்தான். தோட்டத்தில் கிழங்கு இல்லை. கப்பலில் வந்த அரிசி மூட்டை பாதியாகிவிட்டது. மரம் யாருடையதோ அவர்கள் வீட்டில்தான் இனி அடுப்பு எரியும்.

அப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல். யோசிக்காமல் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். ஆளில்லாத நேரம் பார்த்துப் படகில் வந்து நட்டுவிட்டுப் போனாயா என்று தாரி மாமாவைக் கேட்டார்.

தாரி மாமாவின் முகம் சாம்பலைவிட வெளுத்தது. அவர் வழக்கமாக எதற்கெடுத்தாலும் பேசுகிறவர். வந்த நாளிலிருந்து, மலை தன் நல்ல நீலக் கயிற்றை விழுங்கிவிட்டது, புத்தம் புதுப் படகுக் கயிறு, என்று எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை.

"நாங்காரியா எங்க நிக்குதோ அதான் எல்லை. இது நான் போட்ட சட்டம் இல்லை. இனிமே நீங்க உங்க பக்கம் இருங்க, நாங்க எங்க பக்கம் இருக்கோம்."

வெரோலினுக்குத் திக்கென்றது. சின்ன வயதிலிருந்து 'டா' போட்டுப் பேசிக்கொண்ட இரண்டு பேர் 'நீங்க' என்று பேச ஆரம்பித்துவிட்டால், சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு எடினாவும் இந்தப் பக்கம் வரவில்லை. ஊர்த் தலைவர் போவே வந்து தூரத்தில் நின்றபடியே வரிசையைப் பார்த்தார். அருகே வர அவருக்கும் மனசில்லை. யாரும் செடியைத் தொடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தீர்ப்புச் சொல்கிறேன் என்றார். தீர்ப்பு எப்படி வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாங்காரியா நிற்கிற இடம்தானே எல்லை.

அன்று இரவு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"மரம் போச்சுன்னா இங்க இருந்து என்ன பண்றது? நாளைக்கு மதியம் குன்றுமேல ஏறி அம்மாவுக்குப் போன் பண்ணப் போறேன். வர வேணாம்னு சொல்லிடறேன். நாம திரும்பி அங்கேயே போயிடலாம்."

 வெளியே, டிங், என்றது இருட்டு.

மறுநாள் விடியும்போதே அவள் எழுந்துவிட்டாள். கதவைத் திறந்தால் அதே வரிசை. இரவில் இன்னும் ஓர் அடி நெருங்கி வந்திருக்குமோ? வராது என்று புத்தி சொன்னது. வந்திருக்கலாம் என்று வயிறு சொன்னது.

அப்போதுதான் அவள் அந்தச் செடிகளின் இலைகளைச் சரியாகப் பார்த்தாள். தினமும் மலையிலிருந்து காற்றில் இறங்கும் சாம்பல் இலைமேல் அப்பிக் காய்ந்திருந்தது. பாரம் தாங்காமல் இலைகள் தலைகுனிந்து நின்றன. அம்மா இருந்திருந்தால், எல்லையாவது மண்ணாவது, முதலில் அதன் முகத்தைக் கழுவுடி, மூச்சுவிட முடியாமல் நிற்கிறது பார் என்றிருப்பாள்.

வெரோலினுக்குச் செடிகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. பாவம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

பிடுங்கினால்தானே வயிறு வீங்கும்? கழுவினால் வீங்கும் என்று யாரும் சொல்லவில்லையே. பாத்திரம் கழுவி வைத்திருந்த தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டாள். ஒரு பழைய துணியையும் எடுத்தாள். பின்னாலேயே தாபி வந்தான், பாதி தூரம் வரை.

"அக்கா, உன்னைக் கடிச்சா நான் ஓடிடுவேன்."

"நல்லதா போச்சு. நீ ஓடு."

முதல் செடி நாங்காரியாதான். துணியை நனைத்து இலையைத் துடைத்தாள். சாம்பல் வழிந்தது. உள்ளேயிருந்து சிவப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து அந்த ஊரில் அவள் பார்த்த முதல் நிறம் அது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்புறம் புருவத்தைச் சுருக்கினாள். எல்லைக்கு நடுகிற நாங்காரியா பச்சையாக இருக்கும், ஓரத்தில் மட்டும் நூல் போலச் சிவப்பு ஓடும். ஊர் முழுக்க எல்லைக்கு அந்த ஒரு வகைதான். இது முழுக்கச் சிவப்பு. அழகுக்கு வைக்கிற வகை.

அடுத்த செடியைக் கழுவினாள். அது நாங்காரியாவே இல்லை. சாம்பலுக்கு அடியிலிருந்து பச்சை இலையும் மஞ்சள் பொட்டுகளும் எட்டிப் பார்த்தன.

"டீச்சர்!" என்றாள் வெரோலின், தன்னையறியாமல்.

அதற்கடுத்தது இன்னொரு சிவப்பு நாங்காரியா. அதற்கடுத்தது இலை சுருண்ட லிசி. அப்புறம் பாதிரியார், செம்பு நிறத்தில் பளபளவென்று. வாளித் தண்ணீர் தீரத் தீர வரிசை நிறம் மாறிக்கொண்டே வந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே சாம்பல் புதராகத்தான் தெரிந்திருக்கும். கிட்டே போக யாருக்குத் தைரியம்?

"இதெல்லாம் அம்மாவோட செடிடா" என்றாள் வெரோலின். சந்தோஷமாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் குரல் நடுங்கியது.

ஏனென்றால் அம்மாவின் செடிகள் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றவை. தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. இவை வீட்டுக்கு முன்னால், ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன.

தாபி மெதுவாகக் கேட்டான். "எல்லாம் வரிசையா எங்க போகுதுங்க?"

வெரோலின் வரிசையோடு கண்ணை ஓட்டினாள். அது சாலையை நோக்கி இறங்கிப் போயிற்று. உண்மையிலேயே, ஊரார் எல்லாரும் போன பிறகு, எங்களையும் விட்டுவிடாதீர்கள் என்று செடிகள் பின்னாலேயே கிளம்பி வந்ததுபோல் இருந்தது. வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அப்பாவிடம் சொன்னாள். அவர் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். காதில் வாங்கின மாதிரியும் இருந்தது, வாங்காத மாதிரியும் இருந்தது. சிவப்போ பச்சையோ, நாங்காரியா நாங்காரியாதான், தலைவர் அதைத்தான் பார்ப்பார் என்றார். சாப்பிட்டுவிட்டு மதியம் குன்றுக்குக் கிளம்பிவிட்டார். வெரோலினால் அவரை நிறுத்த முடியவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மலை உறுமியது.

பெரிய உறுமல் இல்லை. ஆனால் மேலேயிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் உருண்டு இறங்கியது. வெயில் மஞ்சளாகி, மஞ்சள் மங்கலாகி, நடுமதியத்தில் சாயங்காலம் வந்துவிட்டது. கோழிகள் இரவென்று நினைத்துக் கூட்டில் போய் அடைந்தன. காற்றில் மாவு சலிக்கிற மாதிரி சாம்பல் இறங்கியது. தாபியை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னாள். வரப்போகிற பாப்பாவுக்காகத் துவைத்துக் காயப்போட்ட துணிகளை எடுக்க அவள் மட்டும் வெளியே ஓடினாள்.

துணியை எடுத்துக்கொண்டு திரும்பினால், வீட்டைக் காணோம். சாம்பல் திரை மறைத்திருந்தது.

டிங்... டிங்... டிங்.

இந்த முறை நிற்காமல் ஒலித்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் கால்கள் ஓடவில்லை. அவள் சொல்லாமலே அவை சத்தத்தை நோக்கி நடந்தன. அவளுக்குப் பயம் தாங்கவில்லை. கால்களுக்கோ பயமே இல்லை. இந்த வழி எங்களுக்குத் தெரியும் என்பதுபோல அவை போயின. அவள் கை தானாக இடுப்பளவுக்கு நீண்டு, எதையோ பிடிக்கத் தேடியது.

கையில் ஒரு செடியின் தண்டு தட்டுப்பட்டது. அதில் இடுப்பளவில் ஏதோ ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு. நைந்து அறுந்த, சொரசொரப்பான முடிச்சு; இலைகளுக்கடியில் சாம்பல் மூடிக் கிடந்ததால் காலையில் கழுவும்போது கண்ணில் படவில்லை.

அடுத்த செடிக்குப் போனாள். அதே உயரத்தில் அதே முடிச்சு. அதற்கடுத்ததிலும்.

அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஊரை விட்டுப் போன அந்த நாள். அப்பாவும் அம்மாவும் படுக்கை மூட்டையைக் கரையில் வைத்துவிட்டு வருகிறோம் என்று போயிருந்தார்கள். அதற்குள் மலை வெடித்து, மதியம் இரவாகிவிட்டது. இருட்டென்றால் கையைக் கண்முன்னே வைத்தாலும் தெரியாத இருட்டு. தாபியை இடுப்பில் தூக்கி, முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். அப்போது வெளியே ஒரு மணிச்சத்தம் கேட்டது. சத்தத்தைப் பார்த்து நடந்தாள். கையில் ஒரு கயிறு கிடைத்தது. அதைப் பிடித்தபடியே இறங்கினாள். கயிறு முடிந்த இடத்தில் லாரி நின்றது.

தேவாலயத்து மணிதான் எங்களைக் காப்பாற்றியது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். கயிற்றைக் கடைசியில் கனவென்றே நினைத்துவிட்டாள்.

இப்போது சத்தம் தலைக்கருகே கேட்டது. மேட்டு ஓரத்தில் நின்ற கடைசிச் செடியின் இலைகளுக்குள் கையை விட்டாள். சில்லென்று எதுவோ பட்டது. இழுத்தாள்.

துருப்பிடித்த ஒரு மீன் டின். உள்ளே ஒரு கூழாங்கல். மலை உறுமும்போதெல்லாம் தரை லேசாக நடுங்கும். தரை நடுங்கினால் செடி நடுங்கும், டின்னுக்குள் கல் ஆடும். அவ்வளவுதான். டின்னைக் கட்டியிருந்த கயிற்றைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

சாம்பலுக்கடியில் அது நீலமாக இருந்தது.

மேகம் கலைந்து வெளிச்சம் திரும்புகிற வரைகூட அவள் காத்திருக்கவில்லை. யாரும் தாண்டக்கூடாத வரிசையைத் தாண்டி, ஈரப்பலா மரத்தைத் தாண்டி, தாரி மாமாவின் வாசலில் போய் நின்றாள். அவர் ஜன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். எடினா வாயைப் பிளந்தாள்.

"மாமா, உங்க நீலக் கயிறை மலை முழுங்கலை" என்றாள் வெரோலின். மூச்சு வாங்கியது. டின்னை நீட்டினாள்.

தாரி மாமா டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முறை ஆட்டினார். டிங் என்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்கிருந்தும்மா உனக்குக் கிடைச்சுது?"

"அந்த வரிசையில. ஒவ்வொரு செடியிலயும் உங்க முடிச்சு இருக்கு. அதெல்லாம் எல்லை இல்லை மாமா. அம்மாவோட தோட்டத்துச் செடிங்க. டீச்சர், லிசி, பாதிரியார் எல்லாம் இருக்கு. யாரோ ஒடிச்சு நட்டிருக்காங்க."

மாமா டின்னை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு லாரியில் எடினாவை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் காணவில்லை. கயிற்றின் ஒரு நுனியை லாரியில் கட்டிக்கொண்டு ஏறினார். இருட்டில் வழி தவறி வெரோலின் வீட்டுக்குப் பின்னால் போய் எதிலோ விழுந்தார். அது ஏதோ புதர். அதிலிருந்து கைக்கு வந்ததையெல்லாம் ஒடித்து வாரிக்கொண்டு, சுவரைத் தடவி முன்பக்கம் வந்தார். கயிற்றைப் பிடித்தபடி லாரிவரை இறங்கி, அங்கிருந்து குச்சி குச்சியாக ஊன்றிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே மறுபடி ஏறினார். கயிறு வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தீர்ந்துவிட்டது. படகில் மீன் டின்னைக் கட்டி ஆட்டுவது அவர் வழக்கம், பனியில் மற்றப் படகுகளுக்குக் கேட்பதற்காக. சட்டைப்பையில் கிடந்த டின்னைக் கட்டி ஆட்டிவிட்டு, வாசலைத் தேடி வீட்டைச் சுற்றினார்.

"கதவக் கண்டுபிடிச்சு உள்ள போறேன், வீடு காலி. தேடித் தேடிப் பாத்துட்டுக் கீழ வந்தா, நீங்க லாரில உக்காந்திருக்கீங்க. அப்பா வந்து தூக்கிட்டுப் போயிட்டார்னு நெனச்சேன். என் கயிறு வீணாப் போச்சேன்னு இருந்தது." அவர் டின்னைப் பார்த்தார். "நீ இதைக் கேட்டா வந்தே?"

வெரோலின் தலையாட்டினாள்.

"நான் ஊனினது குச்சிம்மா. அது செடியாகும்னு யாருக்குத் தெரியும்?"

பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. அப்பா நின்றிருந்தார். மேகத்தைப் பார்த்துப் பாதி வழியிலேயே திரும்பி ஓடி வந்திருக்கிறார். வீட்டில் மகளைக் காணாமல் தேடி இங்கே வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. போதுமான அளவு கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

அப்பா அழுது வெரோலின் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தாள். சாம்பல் படிந்த கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டது.

"டேய் தாரி" என்றார் அப்பா.



"சொல்லுடா" என்றார் தாரி மாமா.

அந்த ஒரு 'டா' வெரோலினுக்குப் போதுமாக இருந்தது. எடினாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பாவம் சாத்திய வீட்டுக்குள் இருக்கும் தாபியைக் கூட்டி வர ஓடினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் இரண்டு அப்பாக்களும் கடப்பாரையோடு ஈரப்பலா மரத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள். காய்ந்த சேற்றைப் பிளந்து பிளந்து எடுத்தார்கள். சேற்றுக்கு அடியில் விறகு மாதிரி கட்டைகள் வரிசையாகப் புதைந்து கிடந்தன. செத்துப்போச்சு என்றார் அப்பா. வெரோலின் குனிந்து, ஒரு கட்டையின் பக்கத்தில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் மெல்ல எடுத்தாள். அரிசி முனை அளவுக்கு ஒரு குருத்து இருந்தது. பச்சை. ஓரத்தில் நூல் போலச் சிவப்பு.

தலைவர் போவே ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. தகவல் தெரிந்ததும் அன்றைக்கே வந்தார். இந்த முறை கிட்டே வந்து பார்த்தார். தீர்ப்புச் சொல்ல ஒன்றும் இல்லாததால், சுட்ட ஈரப்பலாவில் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மரம் யாருடையது என்று இப்போது யாரும் கேட்கவில்லை. அப்பா பழத்தை இரண்டாகப் பிளந்து, பெரிய பாதியைத் தாரி மாமா வீட்டுக் கூடையில் போட்டார்.

முன்வாசல் வரிசையை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. இருக்கட்டும் என்றார்கள் எல்லாரும். தாபி டின்னை மறுபடியும் அதே கிளையில் கட்டச் சொன்னான். இருட்டில் வழி தெரியாமல் யாராவது வந்தால் வேண்டும் என்றான். அவனே கீழே நின்று முடிச்சைச் சரிபார்த்தான்.

சாயங்காலம் கப்பல் வந்தது. அம்மா பாப்பாவைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு சாலையிலிருந்து ஏறி வந்தாள். வெரோலின் ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மா ஊரைப் பார்த்தாள், புதுக்கூரையைப் பார்த்தாள். அப்புறம் அந்த வரிசையைப் பார்த்தாள். சாம்பல் ஊருக்கு நடுவில் அது சிவப்பும் மஞ்சளும் செம்புமாக நின்றது. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். உதடு அசைந்தது. டீச்சர். லிசி. பாதிரியார்.

கடைசிச் செடியருகே வந்ததும் நின்றாள். பாப்பாவை வெரோலின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என் தோட்டத்துச் செடியை ஒடிச்சது யாரு?"

 வெடிக்கிற மலைக்கும், கண் தெரியாத இருட்டுக்கும் பயப்படாத தாரி மாமா, கடைசிச் செடியில் தோள் உரச மெல்லப் பின்வாங்கி, ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

டிங் என்று காட்டிக்கொடுத்தது டின்.